பெட்டியிலேயே தேதி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் ஒரு போனுக்கு எதுவரை வரும் என்ற தேதியை அதன் பெட்டியிலேயே அச்சிட வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

போனில் வைஃபைக்கென்று தனி சிப் ஒன்று இருக்கிறது, அதற்குள் தனி மென்பொருளும் ஓடுகிறது. 2017 ஏப்ரலில், மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த கால் பெனியாமினி, பிராட்காம் நிறுவன வைஃபை சிப்பில் இருந்த ஓட்டையை வெளியிட்டார். ஐபோன், நெக்ஸஸ், சாம்சங்கின் விலை உயர்ந்த போன்கள் பலவற்றிலும் இருந்த சிப் அது. வைஃபை எட்டும் தூரத்தில் தாக்குபவர் ஒருவர் இருந்தால் போதும். போன்காரர் எதையும் தொடாமலே சிப் தாக்குபவர் கைக்குப் போய்விடும். அப்புறம் அங்கிருந்து ஏறி, இயங்குதளத்தின் மையமான கெர்னலையே பிடிக்கலாம் என்பதையும் பெனியாமினி செய்து காட்டினார். எனக்குப் பயம் தருவது இந்த இரண்டாவது படிதான். சிப் சொன்னதை வீட்டு ஆள் பேச்சைப் போல கெர்னல் நம்பிவிட்டது.

ஆப்பிளும் கூகுளும் அந்த மாதமே திருத்தம் கொடுத்தன. சரி, திருத்தம் வராத போன்கள்? என் அப்பாவின் போனுக்குக் கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்து மூன்று வருடமாகிறது. பென்ஷன் கணக்கு அதில்தான் இருக்கிறது. கடையில் கேட்டால், "புதுசு வாங்கிக்கோங்க" என்கிறார்கள். நன்றாக ஓடும் போனை ஏன் அவர் தூக்கிப் போட வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன் மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் கிடைக்க வேண்டும். பிரிட்டனில் அப்டேட் எதுவரை என்று முன்கூட்டியே அறிவிப்பது 2024 ஏப்ரல் முதல் சட்டம். இங்கேயும் போன் பெட்டியில் விலைக்குப் பக்கத்தில், அப்டேட் முடியும் தேதியை அச்சிட அரசு உத்தரவிட வேண்டும்.

ஒரு வாசகி,
திருச்சி