அத்தைக்குப் புற்று ஏன் திரும்ப வந்தது

அன்பு மகளே,

"ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைன்னு சொன்னாங்களே அப்பா, அப்புறம் எப்படி?" என்று போனில் கேட்டாய். எனக்கும் தொண்டை அடைத்ததால் அப்போது பேச முடியவில்லை. நிதானமாக எழுதுகிறேன்.

அத்தை ஒரு கீமோவைக்கூடத் தவறவிடவில்லை. மருந்தும் வேலை செய்தது, கட்டி கரைந்தது. ஆனால் ஸ்கேனில் தெரிய சில மில்லிமீட்டர் அளவுக்காவது கட்டி வேண்டும். தனித்தனியாக ஒளிந்திருக்கும் செல்கள் அதில் அகப்படாது.

அந்தச் செல்களில் ஒரு வகையை நான் மைக்ரோஸ்கோப் ஸ்லைடில் அடிக்கடி பார்க்கிறேன். நெருக்கியடித்துக் கிடக்கும் புற்றுச் செல்களுக்கு நடுவே ஒன்று மட்டும் பூதாகாரமாக நிற்கும். உட்கரு மற்றதைவிட மூன்று நான்கு மடங்கு பெரிதாக, கோணல்மாணலாக, கருநீலச் சாயம் அப்பிக்கொண்டு இருக்கும். சிலவற்றில் ஒரே செல்லுக்குள் பல உட்கருக்கள். ராட்சத செல் என்போம். எப்படியும் சாகப்போகிறவை என்று வெகுகாலம் இவற்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாதாரண செல் தன் 46 குரோமோசோம்களையும் இரட்டித்து, சமமாகப் பங்கிட்டு, இரண்டாகப் பிரியும். பாக்லிடாக்சல் போன்ற கீமோ மருந்து, குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்ணிழைகளை இறுக்கிப்போட்டு அந்தப் பங்கீட்டை முடக்குகிறது. நிறைய செல்கள் அதிலேயே செத்துப்போகும். சில மட்டும் பிரியாமலே நழுவி, டிஎன்ஏவை மறுபடி மறுபடி இரட்டித்து ஊதிக்கொண்டே போகும். கதிர்வீச்சிலும் இது நடக்கும். எக்ஸ்ரே பட்ட ஹீலா செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரு வகை மனிதப் புற்றுச் செல்கள்) பெருகுவதை நிறுத்திவிட்டு, ராட்சத அளவுக்கு வளர்ந்து உயிரோடு இருந்ததைப் பக், மார்கஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1956இலேயே பதிவு செய்தார்கள். கீமோ மருந்துகள் பலவும் பிரிகிற செல்லைத்தான் குறிவைக்கும். பிரியாமல் கிடப்பது அந்த அடிக்குத் தப்பிவிடுகிறது.

மருந்து நின்றபின் நடப்பதுதான் எனக்கே பயமாக இருக்கும். உட்கருவின் ஓரம் புடைத்து மொட்டு விடுகிறது. அதிலிருந்து சின்னச் சின்னச் செல்கள் கழன்று வருகின்றன. வேறு சில ராட்சத செல்கள் ஒரே நேரத்தில் மூன்று, நான்கு பக்கமாக இழுபட்டுப் பிரிகின்றன. பங்கீடு தாறுமாறாக இருப்பதால், பிறக்கும் செல்களில் பல பிழைப்பதில்லை. பிழைக்கும் ஒன்றிரண்டு மறுபடி வழக்கம்போல வேகமாகப் பெருகும். குரோமோசோம் கணக்கு மாறிப் பிறந்தவை என்பதால், பழைய மருந்துக்கு அவை அசையாமல் போகவும் வாய்ப்பு உண்டு.

இதில் பெரும்பகுதி ஆய்வகத் தட்டுகளிலும் எலிகளிலும் பார்த்தது. புற்று திரும்புவதற்கு வேறு வழிகளும் உண்டு. அத்தைக்கு இதனால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எதையோ தவறாகச் செய்ததால் வரவில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

புதிதாக பயாப்ஸி எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் அடுத்த மருந்தை முடிவு செய்வார். அதுவரை அத்தையோடு தினமும் பேசு. "ஒழுங்கா மருந்து சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்காதே. அதை ஏற்கெனவே எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

அன்புடன்,
அப்பா