படம் கையை விட்டுப் போன பிறகு

ஆசிரியருக்கு,

உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களில் நுண்கலை முதுநிலைப் படிப்பைப் பற்றி எழுதும்போதெல்லாம் இரண்டு கேள்விகள்தான் வருகின்றன: இடம் கிடைக்குமா, வேலை கிடைக்குமா? இடையில் இருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாணவர் எதைக் கற்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு படத்தைத் தொடங்கி முடிக்க இளநிலையிலேயே கற்றுக்கொண்டுவிடலாம். ஓவியத்தையோ சிற்பத்தையோ தொழிலாக எடுத்துக்கொள்பவருக்கு மீதி வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அந்தப் படம் வெளிச்சத்தைத் தாங்குமா? பெட்டியில் சேதமில்லாமல் போய்ச் சேருமா? அதை நேரில் பார்க்காத தேர்வுக்குழுவுக்கு எப்படித் தெரியும்? யாரிடம், என்ன நிபந்தனையில் போனது? இவற்றைச் சொல்லித்தராத முதுநிலைப் படிப்பு, எவ்வளவு பேர்போன இடத்தில் நடந்தாலும், இளநிலையை இரண்டு வருடம் இழுத்ததுதான்.

பொருளிலிருந்து தொடங்குவோம். கருத்து வலுவாக இருந்தால் போதும், பெயின்ட் எதுவானால் என்ன என்ற பேச்சு கலை வகுப்பறைகளில் இன்னும் எடுபடுகிறது. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக வரைந்த பெரிய ஓவியங்கள் 1964இல் அங்கே மாட்டப்பட்டன. வெளிச்சம் கொட்டும் சாப்பாட்டு அறை அது. அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு என்ற நிறமி வெளிச்சத்தில் நிற்காதது. 1979இல் அவற்றைக் கழற்றிக் கிடங்குக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. 2014இல் மறுபடி காட்சிக்கு வைத்தபோது, போன நிறத்தை ப்ரொஜெக்டர் ஒளியைப் பாய்ச்சி ஈடுகட்டினார்கள். ராத்கோவின் படமென்பதால் ஒரு பல்கலைக்கழகம் இத்தனை மெனக்கெட்டது. புதிதாகத் தொழிலுக்கு வருபவரின் படம் வெளிறினால், வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார், அவ்வளவுதான்.

எனவே பெயின்ட் ட்யூபின் முன்பக்கப் பெயரை நம்பாமல் பின்பக்க எழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். அங்கே நிறமிக் குறியீடு இருக்கும். பிஆர் 83 (பிஆர் என்றால் சிவப்பு நிறமி) என்றிருந்தால் அது அசல் அலிசரின் க்ரிம்சன் என்ற அடர்சிவப்பு. ஒளி தாங்கும் திறனில் ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் வரிசையில் மூன்றாம் வகுப்பு. வெள்ளை கலந்து மெலிதாகப் பூசினால் இன்னும் சீக்கிரம் போகும். விற்பனைக்கு வைக்கும் படத்தில் முதல் இரண்டு வகுப்புகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அந்தச் சிவப்பின் சாயல் வேண்டுமென்றால் பிவி 19 குடும்பத்துக் குவினாக்ரிடோன் நிறமிகளில் நெருக்கமானது கிடைக்கும். சந்தேகமுள்ள நிறத்தைச் சோதிக்க ஆய்வகமும் தேவையில்லை. ஒரு தாளில் அடர்த்தியாக ஒரு பட்டை, வெள்ளை கலந்து ஒரு பட்டை பூசி, காய்ந்ததும் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நடுவே கோடு தெரிந்தால் அந்த ட்யூபைப் பயிற்சி வரைவுகளுக்கு ஒதுக்கிவிடலாம்.

எண்ணெய் ஓவியத்தில் வெடிப்பு விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் அடுக்கு முறைதான். அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப்போக எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும். எண்ணெய் அதிகமுள்ள அடுக்கு மெதுவாகக் காயும், காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும். அதை அடியில் வைத்து மேலே டர்பன்டைன் கலந்த மெல்லிய அடுக்கைப் பூசினால், மேலடுக்கு முதலில் இறுகிவிடும், கீழடுக்கு அசைந்துகொண்டே இருக்கும். சில மாதத்தில் பிளவு தெரியும். துத்தநாக வெள்ளையும் இப்படித்தான். அது எண்ணெயோடு சேர்ந்து உருவாக்கும் சோப்புச் சேர்மங்கள் படலத்தை நொறுங்கும்படி ஆக்குகின்றன. ட்யூபில் டைட்டானியம் வெள்ளை என்று போட்டிருந்தாலும் பிடபிள்யூ 6உடன் பிடபிள்யூ 4 கலந்திருக்கிறதா என்று பாருங்கள்; அந்த 4தான் துத்தநாகம். அக்ரிலிக் ஜெசோ என்ற அடிப்பூச்சின் மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசினால் ஒட்டாது, உரிந்து வரும். கேன்வாஸுக்கு அடிப்பசை பூசாமல் விட்டால் ஆளிவிதை எண்ணெயின் அமிலம் நாரை இற்றுப்போக வைக்கும். மரபான விலங்குத்தோல் பசையைப் பூசினாலோ, அது ஈரத்தில் ஊதி வறட்சியில் சுருங்கி மேற்படலத்தை வெடிக்க வைக்கும். அதனால்தான் பலரும் அக்ரிலிக் அடிப்பசைக்கு மாறினார்கள். வழக்கமான இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். கண்காட்சித் தேதியை ஒப்புக்கொள்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

சிற்பத்திலும் இதே கதை. சிற்பி ஈவா ஹெஸ் 1960களின் கடைசியில் லேடெக்ஸ் ரப்பரில் செய்த படைப்புகள் இன்று கறுத்து, விறைத்து, சில காட்சிக்கே வைக்க முடியாத நிலையில் இருக்கின்றன. பாலியூரித்தேன் நுரை பொடியாகும். பிளாஸ்டர் உருவத்துக்குள் வெறும் இரும்புக் கம்பியை எலும்புக்கூடாக வைத்தால் துரு கசிந்து மேற்பரப்பில் பழுப்புக் கறை வரும், பிறகு உப்பி வெடிக்கும். துத்தநாக முலாம் பூசிய கம்பியோ துருப்பிடிக்காத எஃகோ போட வேண்டும். அழியும் பொருளில் வேலை செய்வதில் தவறில்லை. ஆனால் அது அழியும் என்று வாங்குபவருக்கு எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். 1991இல் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் படைப்பாகத் தொட்டியில் வைத்த சுறா அழுகியதால் 2006இல் வேறு சுறாவை வைத்தார்கள். இப்படி மாற்றலாமா, யார் செலவில், மாற்றிய பிறகும் அது அதே படைப்புதானா என்பதையெல்லாம் விற்கும் நாளிலேயே தாளில் எழுதிவிட வேண்டும்.

இதை யார் சொல்லித்தருவது? 1919இல் ஜெர்மனியின் வைமரில் தொடங்கிய பாவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் ஆரம்ப ஆண்டுகளில் ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு பேர் பொறுப்பு: வடிவத்துக்கு ஓர் ஓவியரோ சிற்பியோ, கைத்தொழிலுக்கு ஒரு தேர்ந்த வினைஞர். இன்றைக்குப் பல நிறுவனங்கள் முதலாமவரை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாமவரின் இடத்தைச் செலவுக் குறைப்பு என்று எடுத்துவிட்டன. கல்லூரியின் தரத்தை அளக்கப் பேராசிரியர் பட்டியலைவிடப் பட்டறை டெக்னீஷியன்களின் எண்ணிக்கை நம்பகமானது என்பது எங்கள் துணிபு.

அடுத்தது, ஒருவரின் படைப்பை முன்வைத்து மற்றவர்கள் கருத்துச் சொல்லும் விமர்சன அமர்வு. மாணவர்கள் சுருக்கமாக க்ரிட் என்பார்கள். கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கலைக்கல்லூரியில் 1970இல் கலைஞர் ஜான் பால்டெசாரி தொடங்கிய போஸ்ட் ஸ்டூடியோ வகுப்பும், பின்னர் அதே பெயரில் மைக்கேல் ஆஷர் நடத்திய நாள் முழுக்க நீளும் அமர்வுகளும் இதற்குப் பேர்பெற்றவை. நீளம் முக்கியமில்லை, ஒழுங்குதான் முக்கியம். ஒரு படைப்புக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்கினால், முதல் பத்து நிமிடம் படைத்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். பிடித்தது, பிடிக்காதது பிறகு. படைத்தவர் தானே குறிப்பெடுக்க முடியாது, பதில் சொல்லவே மனம் துடிக்கும். ஆகவே வேறொருவர் எழுதித்தர வேண்டும். அமர்வுகள் கெடுவது இரண்டு விதத்தில். நண்பர்கள் மாறிமாறி முதுகு தட்டிக்கொள்வது ஒன்று. ஒரே ஆசிரியரின் ரசனை எல்லோர் கையிலும் இறங்குவது இன்னொன்று. இறுதியாண்டுக் கண்காட்சியில் பத்து மாணவர்களின் படமும் ஒருவர் வரைந்ததுபோல் இருந்தால் இரண்டாவது வியாதி முற்றிவிட்டது என்று அர்த்தம்.

புகைப்படம் எடுப்பதை ஏனோ யாரும் பாடமாகவே மதிப்பதில்லை. உதவித்தொகை, தங்கிப் பணியாற்றும் வாய்ப்பு, கேலரி எல்லாவற்றிலும் முதல் சுற்றில் பார்க்கப்படுவது படமல்ல, படத்தின் படம். கேமராவின் சென்சாரும் கேன்வாஸும் இணையாக, லென்ஸ் படத்தின் மையத்துக்கு நேராக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி இரண்டு விளக்குகள், இரண்டின் ஒளி நிறமும் 5000 கெல்வின் அளவில். மஞ்சள் பல்பு ஒன்று கூரையில் எரிந்துகொண்டிருந்தால் வெள்ளைச் சமநிலை ஒருநாளும் சரிவராது. முதல் ஷாட்டில் நிறத்தைச் சரிசெய்ய உதவும் சாம்பல் அட்டையைச் சேர்த்து எடுங்கள். ரா என்ற கேமராவின் மூலக் கோப்பாக எடுத்து, டிஃப் வடிவில் ஒரு பிரதியைக் காப்பில் வையுங்கள். அனுப்ப மட்டும் ஜேபெக். நேர்ப்படத்தோடு பரப்பின் நெருக்கப்படம் ஒன்று, அளவு புரிய அறைக்குள் ஒன்று. பதினைந்து படைப்புகள் கேட்டால் பதினைந்துக்கு மேல் அனுப்பக் கூடாது, நல்லது பத்துதான் இருந்தால் பத்தோடு நிறுத்த வேண்டும். பலவீனமான ஐந்து மீதி பத்தையும் கீழே இழுக்கும்.

படைப்பைப் பற்றிய குறிப்புரைக்கு இருநூறு சொல் போதும். என்ன பொருள், எப்படிச் செய்தது, எதைத் தேடுகிறது. தத்துவவாதிகளின் பெயர்களை அடுக்கினால் படிப்பவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

இனி விலை. இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். பரப்பளவை வைத்து விலை போடுவது நியாயம்போலத் தோன்றும். 60க்கு 80 செ.மீ. படத்தின் பரப்பு 4,800. இரு பக்கமும் இரட்டித்து 120க்கு 160 செ.மீ. ஆக்கினால் 19,200. விலையும் நான்கு மடங்காகிவிடும், வேலை நான்கு மடங்காகியிருக்காது. அதனால் பலர் உயரத்தையும் அகலத்தையும் கூட்டி, அந்தத் தொகையை ஒரு நிலையான எண்ணால் பெருக்குகிறார்கள். முதல் படத்துக்கு 140, இரண்டாவதுக்கு 280. விலை இரண்டு மடங்கோடு நிற்கும். மிகச் சிறிய படங்களுக்கு மட்டும் ஒரு அடிமட்ட விலை வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கணக்கானாலும் கேலரியிலும் ஸ்டூடியோவிலும் விலை ஒன்றாகவே இருக்கட்டும். கேலரி விற்பனையில் பாதியை எடுப்பது பரவலான வழக்கம். எப்படியும் நம் கைக்கு வருவது பாதிதானே என்று ஸ்டூடியோவில் அரை விலைக்கு விற்றால், அடுத்த வாரமே செய்தி கேலரிக்குப் போகும், முழு விலை கொடுத்தவருக்கும் போகும். ஏற்றிய விலையை இறக்குவது கடினம். ஆகவே தொடக்கத்தில் அடக்கமான விலை வைத்து, விற்பனை தொடர்ந்து நடந்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதே புத்திசாலித்தனம்.

ஒரே அச்சிலிருந்து பல பிரதி எடுக்கும் பதிப்போவியத்திலும் வார்ப்புச் சிற்பத்திலும் எண்ணிக்கைதான் நாணயம். 3/25, அதாவது இருபத்தைந்தில் மூன்றாவது, என்று பென்சிலில் எழுதியபின் இருபத்தாறாவது பிரதி வரக் கூடாது. கலைஞர் தனக்கென எடுத்துவைக்கும் கலைஞர் பிரதிகள் தனிக்கணக்கு, பொதுவாகப் பதிப்பில் பத்தில் ஒரு பங்கு. வெண்கல வார்ப்பில் பிரான்ஸின் வழக்கம் எட்டு எண்ணிட்ட வார்ப்பு, நான்கு கலைஞர் வார்ப்பு, ஆக 12.

கேலரியில் விற்பனைக்கு ஒப்படைக்கும்போது வாய்மொழி போதாது. எத்தனை மாதம், போக்குவரத்துச் செலவு யாருடையது, காப்பீடு எந்த மதிப்புக்கு, தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கிலிருந்து, விற்றபின் எத்தனை நாளில் பணம், விற்காதது எந்த நிலையில் திரும்பும்: இத்தனையும் ஒரே பக்கத்தில் அடங்கும். தள்ளுபடி வரியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், தகராறும் அங்கேதான் வருகிறது. படம் கைமாறினால் பதிப்புரிமையும் கூடவே போய்விடாது என்பதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். வாங்கியவர் அதைத் தன் சுவரில் மாட்டலாம், நாட்காட்டியில் அச்சிடத் தனி அனுமதி வேண்டும். படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் தார்மீக உரிமை 1928இல் ரோமில் நடந்த திருத்தத்தில் பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கைக்குள் வந்தது. மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு தரும் சட்டத்தை பிரான்ஸ் 1920இலேயே கொண்டுவந்தது. எல்லா நாட்டிலும் அது இல்லை, உங்கள் நாட்டில் உண்டா என்று கையெழுத்துப் போடுமுன் விசாரியுங்கள்.

படம் புறப்படும் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குமிழி உறையை நேராக அக்ரிலிக் பரப்பின் மேல் சுற்றாதீர்கள். சூட்டில் அக்ரிலிக் இளகும், குமிழிகளின் வட்டத் தடம் அப்படியே பதிந்துவிடும். முதலில் சிலிக்கோன் பூசிய தாள், பிறகு மூலைக்கு அட்டை, கடைசியில்தான் குமிழி உறை. அதே அக்ரிலிக் கடுங்குளிரில் விறைத்துப்போகும். அந்த நிலையில் சுருட்டிய கேன்வாஸைப் பிரித்தால் படலம் வெடிக்கும்.

பட்டம் பெற்றவர் எல்லாரும் படம் விற்று மட்டுமே பிழைப்பதில்லை. கற்பித்தல், பட்டறை மேற்பார்வை, அருங்காட்சியகங்களில் படைப்புகளைக் கையாளுதல், மேடை அமைப்பு என்று வருமானம் பல வழியில் வரும். இவற்றில் படைப்புப் பாதுகாப்புத் துறைக்கு மட்டும் ஓவியம் தெரிந்தால் போதாது, வேதியியலும் தனிப் படிப்பும் வேண்டும்.

கல்லூரியைப் பார்க்க இறுதியாண்டுக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் போகாதீர்கள். சாதாரண வேலைநாளின் மதியத்தில் போங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளை எங்கே போடுகிறார்கள் என்று பாருங்கள். அந்த எண்ணெய் காயும்போது துணி சூடேறித் தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள உலோகத் தொட்டி இருக்க வேண்டும். அமிலம் வைத்திருக்கும் அறையில் காற்றை வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா, பட்டறை இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று டெக்னீஷியனிடமே கேளுங்கள். பிறகு அலுவலகத்தில் ஒரு கேள்வி: ஐந்து வருடம் முன்பு படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் இன்றும் ஸ்டூடியோ வைத்து வேலை செய்கிறார்கள்? கணக்கு இல்லை என்று பதில் வந்தால், விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டுமுன் அடுத்த கல்லூரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முதுநிலை நுண்கலை வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் சிலர்