இரவுப் புகையை அளக்க லேசர்

ஆசிரியர் அவர்களுக்கு,

புகைமூட்டம் குறித்த தங்கள் செய்தியில் மலேசியக் காற்று மாசுக் குறியீடு 'மிதம்' என்றிருந்தது. 2018 முதல் அக்குறியீட்டில் பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகளும் சேர்க்கப்படுவது நல்லதே. ஆயினும் தரைநிலையம் தன்னை வந்தடையும் காற்றை மட்டுமே அளக்கும். லிடார் கருவியோ, லேசர் துடிப்புகளைச் செலுத்தி, துகள்களில் பட்டுச் சிதறித் திரும்பும் ஒளியின் வலிமையையும் அது திரும்ப எடுத்த நேரத்தையும் கொண்டு, எத்தனை தொலைவில், எந்த உயரத்தில் புகை அடர்ந்துள்ளது என்பதை இரவிலும் காட்டிவிடும். எங்கள் தோட்டத்தில் செம்பனை ஆலைப் புகை நள்ளிரவுக்குப் பின்னரே தாழ இறங்குகிறது. விடிந்தால் கொடித்துணியெல்லாம் கரி.

லிடார் துகளின் எடையை நேரடியாகத் தராது என்பதால், சுற்றுச்சூழல் துறை நடமாடும் லிடார் வண்டியொன்றைத் தோட்டப்புறங்களுக்கு இரவு நேரத்தில் அனுப்பி, அதன் பதிவுகளைத் தரைநிலைய அளவுகளோடு ஒப்பிட்டு வெளியிட வேண்டும்.

தோட்டவாசி,
பேராக்