செவ்வாய்க் கிரகப் பீதியும் மறக்கப்பட்ட வானொலித் தொடர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க வானொலியின் பொற்காலத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1938 அக்டோபர் 30 அன்று சி.பி.எஸ். வானொலியில் நாடகக் கலைஞர் ஆர்சன் வெல்ஸ் நடத்திய செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடியது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. கட்டுரையின் பெரும்பகுதியும் அந்த ஓர் இரவுக்கே செலவாகிவிட்டது. அந்தப் பீதி சொல்லப்படும் அளவுக்கு நிகழவில்லை என்பதோடு, வாரந்தோறும் ஒலித்த நகைச்சுவைத் தொடர்களையும் நாடகத் தொடர்களையும் விட்டுவிட்டு அந்தக் காலத்தின் பெருமையைப் பேசவே முடியாது என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அன்றிரவு அதே நேரத்தில் என்.பி.சி. வானொலியில் எட்கர் பெர்கனின் நிகழ்ச்சி ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. வானொலி நேயர்கள் பெருமளவில் கேட்டது அதைத்தான். பெர்கன், தன் உதடு அசையாமல் பொம்மையைப் பேசவைக்கும் கலைஞர். உதடு அசைகிறதா இல்லையா என்று பார்க்கவே வழியில்லாத வானொலியில் அப்படி ஒருவர் முதல் வரிசை நட்சத்திரமாக விளங்கினார் என்றால், அந்த நேயர்கள் எவ்வளவு மனமுவந்து கற்பனைக்கு இடம் கொடுத்தார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். நேயர்களின் எண்ணிக்கையைத் தொலைபேசி வழியே கணக்கிட்டு வந்த ஹூப்பர் நிறுவனம் அன்று ஏறத்தாழ 5,000 வீடுகளை அழைத்துக் கேட்டபோது, வெல்ஸின் நாடகத்தைக் கேட்பதாகச் சொன்னவர்கள் 2 சதவீதத்தினர்தான். பிற்பாடு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் நடத்திய ஆய்வு, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அஞ்சியதாக மதிப்பிட்டது உண்மை. ஆனால் அந்த ஆய்வில் விரிவாகப் பேட்டி காணப்பட்ட 135 பேரில் பெரும்பாலோர், பயந்தவர்கள் என்று முன்பே தெரிந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அஞ்சியவர்கள் இருந்தார்கள், காவல் நிலையங்களுக்குத் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. அதை நாடு தழுவிய பீதியாக ஊதிப் பெருக்கியவை, விளம்பர வருவாயை வானொலியிடம் பறிகொடுத்துக்கொண்டிருந்த மறுநாள் காலை நாளிதழ்கள். ஒரு நாளிதழுக்கே இதை எழுத நேர்ந்ததற்குப் பொறுத்தருள்க.

வெல்ஸின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அப்போது அவருக்கு வயது 23. எனினும் அவர் அன்று செய்தது, நாடகத்தைச் செய்தி அறிக்கைபோல் மாற்றி நேயரைச் சற்று நேரம் ஏமாற்றியது. அந்தக் காலத்து வானொலியின் உண்மையான சாதனையோ இதற்கு நேர் எதிரானது: கேட்பது கதை என்று நன்றாகத் தெரிந்த நேயர்களை, ஆண்டுக்கணக்கில் அந்தக் கதையின் பங்காளிகளாக்கியது. இதற்கு நகைச்சுவைக் கலைஞர் ஜாக் பென்னியைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1932இல் வானொலிக்கு வந்த அவர், 1955 வரை ஒரே பாத்திரத்தை, அதாவது தன் பெயரையே தாங்கிய ஒரு கடைந்தெடுத்த கஞ்சனை, நடித்துக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் அந்தக் கஞ்சனுக்கு எந்த ஆண்டிலும் வயது 39தான். வீட்டின் அடியில் சங்கிலிகளும் அபாய மணிகளும் காக்கும் பாதாளப் பெட்டகம். அதற்குக் காவலாக, வெளியுலகச் செய்தி எதுவும் எட்டாத ஒரு கிழவர். ஏறினால் இருமியும் தும்மியும் புறப்படும் ஓட்டை மேக்ஸ்வெல் கார். அந்தக் காரின் ஓசைக்கு வைத்திருந்த இசைத்தட்டு ஒருநாள் சமயத்தில் ஒலிக்காமல் போகவே, நடிகர் மெல் பிளாங்க் ஒலிவாங்கியின் முன் பாய்ந்து வாயாலேயே அதைச் செய்துகாட்டினார் என்றும், அன்றுமுதல் அந்த வேலை அவருடையதாகவே ஆகிவிட்டது என்றும் சொல்வார்கள்.

1948 மார்ச் 28 அன்று ஒலிபரப்பான நிகழ்ச்சியில் ஒரு காட்சி வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரான நடிகர் ரொனால்டு கோல்மன் அந்த மாதம்தான் ஆஸ்கர் விருது வென்றிருக்கிறார். பென்னி அந்தச் சிலையை இரவல் வாங்கிக்கொண்டு இருட்டில் நடந்து வருகிறார். வழிப்பறிக்காரன் ஒருவன் மறித்து, பணமா உயிரா என்று மிரட்டுகிறான். பென்னி பேசவில்லை. வானொலியில் மௌனம் என்பது இயந்திரக் கோளாறு என்றே கருதப்படும். ஆயினும் அவர் பேசவில்லை. அரங்கில் சிரிப்பு முதலில் ஆங்காங்கே தோன்றி, பிறகு பெருகுகிறது. பொறுமையிழந்த திருடன் மீண்டும் அதட்டும்போதுதான், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று பென்னி எரிச்சலுடன் பதில் சொல்கிறார். அந்த வசனமே, திருடனின் கேள்விக்குப் பதில் தோன்றாமல் தவித்த எழுத்தாளர் ஒருவர், சும்மா கிடக்கிறாயே என்று உடன் எழுதுபவரைக் கடிந்துகொண்டபோது, யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று அந்த மற்றவர் சீறியதிலிருந்து பிறந்தது என்பதை அவ்விருவரில் ஒருவரான மில்ட் ஜோசப்ஸ்பர்க் பதிவு செய்திருக்கிறார். வேறொருவர் அந்த இடத்தில் மௌனம் காத்திருந்தால் அது வெறும் இடைவெளி. 16 ஆண்டுகளாக அந்தக் கஞ்சனோடு பழகியவர்கள் என்பதால்தான், அவர் மனத்துக்குள் ஓடும் கணக்கை நேயர்கள் தாங்களே கேட்டுச் சிரித்தார்கள். தொடர் என்ற வடிவத்தால் மட்டுமே இது முடியும்.

ஃபிப்பர் மக்கீயும் மோலியும் என்ற தொடரின் நிலைப்பெட்டியும் இத்தகையதே. ஜிம் ஜோர்டன், மரியன் ஜோர்டன் என்ற தம்பதியர் 1935இல் தொடங்கிய அந்தத் தொடரில், வீட்டுக் கூடத்தில் இருக்கும் நிலைப்பெட்டியின் கதவை யார் திறந்தாலும் உள்ளே திணித்து வைத்த சாமான்கள் அத்தனையும் சரிந்து விழும். 1940இல் முதன்முதலாக அந்த ஓசை கேட்டது. தகர டப்பாக்களையும் பழைய காலணிகளையும் இன்னபிற தட்டுமுட்டுகளையும் படிக்கட்டு வடிவிலான பலகைகளில் அடுக்கி, ஒலிபரப்பின்போது ஒலியாளர்கள் அப்படியே உருட்டிவிடுவார்கள். எல்லாம் விழுந்து ஓய்ந்தபின் ஒரு சின்ன மணி மட்டும் கடைசியாகக் கிணுங்கும். கதவருகே ஒருவர் போனாலே அரங்கம் சிரிக்கத் தொடங்கிவிடும். இதையே பின்னாளில் படத்தில் காட்ட முற்பட்டால், அந்தப் பெட்டிக்கு ஓர் அளவு வந்துவிடும். காதுக்கு அந்த அளவு கிடையாது.

நாடகங்களில் என் கருத்தில் தலைசிறந்தது, 1942 முதல் 1962 வரை சி.பி.எஸ்.ஸில் ஒலித்த சஸ்பென்ஸ். லூசில் ஃபிளெட்சர் எழுதிய ‘சாரி, ராங் நம்பர்’ என்ற அரை மணி நேர நாடகம் அதில் 1943இல் இடம்பெற்றது. படுக்கையோடு கிடக்கும் பெண் ஒருத்தி, கணவனை அழைக்க முயலும்போது இணைப்புகள் குறுக்கிட்டு, அன்றிரவு ஒரு பெண்ணைக் கொல்லத் திட்டமிடும் இருவரின் பேச்சைக் கேட்டுவிடுகிறாள். அதன்பிறகு அவளும் தொலைபேசியும்தான். இணைப்பகத்துப் பெண்ணிடமும் காவல் துறையினரிடமும் அவள் மன்றாடுவதை அக்னஸ் மூர்ஹெட் முதலில் அதிகாரமாகவும், பிறகு சலிப்பாகவும், கடைசியில் அடக்கமுடியாத அச்சமாகவும் தம் குரலொன்றாலேயே கட்டியெழுப்புகிறார். நேயர்கள் திரும்பத் திரும்ப வேண்டிக்கொண்டதால், அதே நாடகத்தை அவர் அந்தத் தொடரிலேயே பலமுறை மீண்டும் நடிக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தை அப்பழுக்கற்றதாகக் காட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. 1928இல் தொடங்கி நாட்டையே கட்டிப்போட்ட ஆமோஸும் ஆண்டியும் தொடரில், கறுப்பினத்தவரின் பாத்திரங்களைக் குரல் மாற்றிக் கேலியாக நடித்தவர்கள் ஃப்ரீமன் காஸ்டன், சார்லஸ் கொரல் என்ற இரு வெள்ளையர்கள். அதை நிறுத்தக் கோரி பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினத்தவரின் பத்திரிகை 1931இலேயே கையெழுத்து இயக்கம் நடத்தியது. பென்னியின் தொடரில் ராச்செஸ்டர் என்ற பணியாளாக வந்த எடி ஆண்டர்சன் கறுப்பினக் கலைஞர். தொடக்கத்தில் அவர் பாத்திரத்திலும் இழிவான நகைச்சுவை இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பென்னி அவற்றை விலக்கச் செய்தார். முதலாளியின் கஞ்சத்தனத்தைப் போட்டு உடைப்பவராக ராச்செஸ்டர் வளர்ந்தபோதுதான் தொடரும் சிறந்தது. விளம்பரதாரர்களின் பிடியும் சாதாரணமானதன்று. பகல் நேரக் குடும்பத் தொடர்கள் சோப்பு நிறுவனங்களின் செலவில் நடந்தவை. அவற்றுள் ஒன்றான மா பெர்கின்ஸ் 1933 முதல் 1960 வரை 7,065 பகுதிகள் ஓடியது, அத்தனையிலும் தலைமைப் பாத்திரம் வர்ஜீனியா பெய்ன்தான்.

இவ்வளவும் நமக்குக் கேட்கக் கிடைப்பதே வியப்பு. பெரிய வானொலி நிறுவனங்கள் பதிவுசெய்த நிகழ்ச்சிகளை ஒலிபரப்புவதில்லை என்று நெடுங்காலம் பிடிவாதமாக இருந்தன. நேர வேறுபாட்டால், மேற்குக் கரைக்காக மூன்று மணி நேரம் கழித்து அதே நாடகத்தை மீண்டும் நேரடியாகவே நடித்தார்கள். 1946இல் பாடகர் பிங் கிராஸ்பி பதிவு நிகழ்ச்சிக்கு வழி திறந்த பிறகும், அடுத்த ஆண்டு ஒலிநாடா வந்த பிறகும்தான் அந்தப் பிடிவாதம் தளர்ந்தது. அதற்கு முந்தையவற்றில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும், விளம்பர நிறுவனங்கள் தம் சரிபார்ப்புக்காக எடுத்த ஒலித்தட்டுகளும், கடல் கடந்த படைவீரர்களுக்காக விளம்பரங்களை நீக்கி இராணுவ வானொலி அனுப்பிய 16 அங்குல ஒலித்தட்டுகளும்தான். ஆமோஸும் ஆண்டியும் தொடரின் தொடக்க கால 15 நிமிட நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒலிப்பதிவே இல்லை.

தங்கள் கட்டுரையில், 1950உடன் எல்லாம் முடிந்துபோனதாகவும் ஒரு வரி இருந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட கன்ஸ்மோக் என்ற நாடகம், நடிகர் வில்லியம் கான்ராட்டின் குரலில் 1952இல்தான் வானொலியில் தொடங்கியது. சஸ்பென்ஸ் 1962 செப்டம்பர் 30 அன்றுதான் நிறைவுற்றது. 1950 என்ற அந்த ஆண்டைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். தொடர்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டால் நன்று. இணையத்தில் அவை ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைப்பதால், படிப்பவர்கள் அன்றே கேட்டும் பார்க்கலாம். ஃபிளெட்சரின் நாடகத்தை நாடுவோர், 1943 மே 25ஆம் தேதிய முதல் ஒலிபரப்பைத் தவிர்த்து, அதே ஆண்டு ஆகஸ்ட் மாத மறு ஒலிபரப்பைக் கேட்பது நல்லது. முதல்முறை, முடிவுக் கட்டத்தில் ஒரு நடிகர் வசனத்தை உரிய இடத்தில் பேசத் தவறியதால், கதை எப்படி முடிந்தது என்று நேயர்கள் குழம்பிப்போனார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.