கடைசி வரியில் இருக்க வேண்டியது அது இல்லை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய எக்செல் ஷீட்டை அப்பாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். அப்பாவுக்கு நீ போட்டிருந்த கலர்கள் பிடித்துவிட்டன. என் கண் போனது கடைசி வரிக்கு. பாப்பாவின் மேற்படிப்பு, வீட்டுக் கடன், கார், பயணம் என்று எல்லாவற்றுக்கும் தொகை எழுதியவள், ‘ரிட்டயர்மென்ட்’ என்பதற்கு நேரே மட்டும் ‘மீதி இருந்தால்’ என்று போட்டிருக்கிறாய். மீதி இருக்காதுடி. மாதக் கடைசியைப் பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிள்ளைதான் முதலில் என்று உனக்குத் தோன்றுவது புரிகிறது. ஆனால் பாப்பாவின் படிப்புக்குப் பணம் குறைந்தால் கடன் கிடைக்கும், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், செலவு குறைந்த கல்லூரியைப் பார்க்கலாம். நாளைக்குச் சம்பாதிக்கப் போகிறவள் என்று நம்பித்தான் அவளுக்குக் கடன் தருகிறார்கள். சம்பளம் நின்றுபோன உனக்கு, மாதச் செலவுக்கு என்று யார் கடன் தருவார்கள்? அப்போது மிச்சம் இருக்கும் ஒரே வழி பாப்பாதான். இன்று அவளுக்காகச் சேர்த்ததை, அவள் தன் குடும்பத்தோடு திணறும் நாளில் நீயே திருப்பிக் கேட்கிறாய் என்று ஆகிவிடும்.

கணக்கையும் பார். மாதம் 1,000 போடுகிறாய், ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள். 30 வருஷத்தில் அது சுமார் 14.9 லட்சம் ஆகும். இதையே பத்து வருஷம் தள்ளி ஆரம்பித்தால், மிச்ச 20 வருஷத்தில் சேர்வது சுமார் 5.9 லட்சம்தான். உன் கையிலிருந்து போவதில் 1.2 லட்சம்தான் குறைகிறது, கைக்கு வருவதிலோ 9 லட்சம் போய்விடுகிறது. விட்டதைப் பிடிக்க வேண்டுமானால் மாதம் 2,500-க்கு மேல் போட வேண்டும். அது பாப்பா கல்லூரிக்குப் போகிற காலமாகவும் இருக்கும்.

விலைவாசியை உன் ஷீட்டில் காணவே இல்லை. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 100 ஆகிற செலவு 30 வருஷம் கழித்து 574. மனக்கணக்காகப் பார்க்க 72-ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்துக்கொள். 12 வருஷத்துக்கு ஒருமுறை விலை இரட்டிப்பாகும் என்று வரும். வட்டி இந்த ஏற்றத்துக்கு ஈடுகொடுக்காமல் போகலாம், அதனால்தான் எல்லாவற்றையும் வங்கி வைப்பு நிதியிலேயே பூட்டி வைக்காதே என்கிறேன். 30 வருஷம் தொடப்போகாத பணத்தில் ஒரு பங்காவது பங்குச் சந்தையில் இருக்கட்டும், சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும், செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டாகப் பார்த்துப் போடு. ஃபண்டுக்காரர்கள் பிடிக்கும் கட்டணம் ஆண்டுக்கு ஒரு சதவீதம்தானே என்று நினைக்காதே. 8 சதவீத வளர்ச்சி 7 ஆகக் குறைந்தால், 30 வருஷ முடிவில் ஒரு தொகையின் மதிப்பில் கால் பங்கு போய்விடும். பாப்பாவின் படிப்புப் பணம் வேறு. அதற்குத் தேதி நிச்சயம், அந்த வருஷம் சந்தை விழுந்து கிடந்தால் காத்திருக்க முடியாது. அதைச் சந்தையில் போட்டிருந்தால், கடைசி மூன்று வருஷத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துவிடு.

எவ்வளவு சேர்த்தால் போதும் என்று மாப்பிள்ளை கேட்டாராம். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் ஒரு கணக்குப் போட்டார். முதல் வருஷம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, அடுத்தடுத்த வருஷங்களில் விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால், 30 வருஷம் வரை பணம் தீர்ந்திருக்காது என்று அந்நாட்டுச் சந்தையின் பழைய நிலவரத்தை வைத்துக் கண்டார். திருப்பிச் சொன்னால் ஓர் ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்திருக்க வேண்டும். எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன், ஒரு குத்துமதிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட முதல் சில வருஷங்களில் சந்தை சரிந்தால்தான் அடி பலமாக விழும், ஏனென்றால் விலை இறங்கிய நேரத்தில் விற்றுச் சாப்பிட வேண்டியிருக்கும். அப்பா இரண்டு வருஷச் செலவுப் பணத்தைத் தனியாக வைப்பு நிதியில் வைத்திருப்பது இதற்குத்தான். நீ அதைப் பார்த்துச் சிரித்தாய்.

அவசரத்துக்கு ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் சேமிப்பை விட அதை முதலில் தீர். ஆயுள் காப்பீடு என்றால், குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டெர்ம் பாலிசி போதும், சேமிப்பையும் அதில் கலந்து விற்க வருகிறவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடு.

இதை மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே படி. பாப்பாவுக்காக வேலையிலிருந்து கொஞ்ச காலம் விலகப் போகிறாய் என்றாய். நல்லது. ஆனால் உன் சம்பளத்தோடு உன் ஓய்வுக்காலச் சேமிப்பும் நின்றுவிடும், அவருடையது மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பொதுவாகப் பெண்கள்தான் அதிக காலம் இருக்கிறோம், பணம் மட்டும் குறைவாக இருக்கும். நீ வீட்டில் இருக்கும் மாதங்களிலும் குடும்ப வருமானத்திலிருந்து உன் பெயரில் ஒரு தொகை போக வேண்டும். இது தயவாகக் கேட்பதில்லை. குழந்தையை வளர்ப்பது இரண்டு பேர் வேலை. சம்பளம் வந்த மறுநாளே தானாகப் பிடித்துக்கொள்ளும்படி வைத்துவிட்டால் மாதாமாதம் பேச்சே வராது. சம்பளம் ஏறும்போதெல்லாம் ஏறியதில் பாதியை அதோடு சேர்த்துவிடுங்கள்.

எங்களுக்கு நீ மாதாமாதம் அனுப்புவதை நிறுத்து. அப்பாவின் பென்ஷனும் நாங்கள் சேர்த்ததும் எங்களுக்குத் தாராளமாகப் போதும், தேவைப்பட்டால் வெட்கப்படாமல் கேட்பேன். அதை அப்படியே அந்தக் கடைசி வரிக்கு மாற்றிவிடு.

இன்னொன்று, கல்யாணத்துக்கு முன்னால் நீ திறந்த கணக்குகளில் நாமினி இன்னும் நானாகத்தான் இருப்பேன். இந்த வாரமே போய் மாற்றிவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
அம்மா