விமானத்துக்கு நேர்ந்தது குலுக்கலா, கொந்தளிப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த விமானம் நடுவானில் அலைக்கழிந்து, பயணி ஒருவர் உயிரிழந்து, பாங்காக்கில் தரையிறங்கிய நாள்முதல், இத்தகைய செய்திகளில் ஒருநாள் 'குலுக்கல்' என்றும் மறுநாள் 'டர்புலன்ஸ்' என்றும் படித்து வருகிறேன். குலுக்கல் என்றால் எங்கள் ஊரில் திருவிழாப் பரிசுச்சீட்டுதான் நினைவுக்கு வரும் என்பது ஒருபுறமிருக்க, அது பயணிகள் பட்ட பாட்டைச் சொல்கிறதே தவிர, காற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லவில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ள 'துர்பா'. கூச்சலும் நெரிசலுமான மக்கள் கூட்டத்தை அது குறிக்கும். அதன் வழிவந்த சொல், அடங்காத கூட்டத்தையும் அமைதியிழந்த மனத்தையும் நெடுங்காலம் குறித்துவந்து, மிகப் பிந்தித்தான் அறிவியலின் கலைச்சொல்லாயிற்று. 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் மெல்லிய சாய இழையொன்றை விட்டுப் பார்த்தார். நீர் மெதுவாக ஓடியவரை இழை நூல் பிடித்தாற்போல் நேராகச் சென்றது; வேகம் ஒரு வரம்பைத் தாண்டியதும் சிதறிச் சுழன்று குழாய் முழுதும் கலந்தது. அவர் இதை 'நெளிந்தோடும் ஓட்டம்' என்ற பொருளில்தான் அழைத்தார். கூட்டத்துக்குரிய பெயரை 1887-இல் இதற்குச் சூட்டியவர், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட இயற்பியலாளர் வில்லியம் தாம்சன்.

நான் ரப்பர்த் தோட்டத்துப் பால் ஸ்டோரில், மரப்பால் சேர்க்கும் இடத்தில், வேலை பார்த்தவன். தொட்டி கழுவும் குழாயைச் சற்றே திறந்தால் நீர் கண்ணாடிக் குச்சிபோல் நிற்கும், விழுவதே தெரியாது. இன்னும் ஒரு திருகு திருகினால் வெளுத்து, முறுக்கிக்கொண்டு இரையும். சாமி அறை ஊதுபத்திப் புகையும் ஒரு சாண் நேராக எழுந்த பிறகே சுருண்டு கலைகிறது.

கடல் கொந்தளிக்கிறது, மனம் கொந்தளிக்கிறது, சம்பள உயர்வு கிடைக்காத தொழிலாளர்கள் கொந்தளிக்கிறார்கள். கூட்டத்துக்கும் நீருக்கும் மனத்துக்கும் ஒரே வினையைத் தமிழ் முன்பே வைத்திருக்க, நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? 'கலங்கல்' போதாதா என்றார் நண்பர் ஒருவர். கலங்கல் என்பது சேறு கலந்த நீரின் நிலை; அதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே இலத்தீன் வேரில் பிறந்ததே என்றாலும், இங்கே அது பொருந்தாது. சுமார் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், விரைந்தோடும் காற்றோட்டத்தின் ஓரங்களில், மேகமே இல்லாத தெளிந்த வானிலும் விமான ரேடாருக்குத் தட்டுப்படாமல் இது நிகழ்கிறது. அங்கே கலங்குவதற்கு எதுவும் இல்லை, காற்றுத்தான் கொந்தளிக்கிறது.

ஆகவே, இனி 'காற்றுக் கொந்தளிப்பில் விமானம் குலுங்கியது' என்று தலைப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். குலுங்கலுக்கும் அதில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேரா.