விட்டதா, விட்டுப்போனதா?

மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு; உன் மறதி எனக்குத் தெரியும். இங்கே சின்னவள் கல்யாண வேலையில் வீடு தலைகீழாகக் கிடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் உன் பேத்தியின் சந்தேகம்.

இங்கிலீஷில் 'ஒமிட்' (omit) என்றால் நீக்குவதா, தவிர்ப்பதா என்று கேட்டாளாமே. வக்கீல் ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவனிடம் கேட்டுவிட்டாய், இனி நீ தப்ப முடியாது. இரண்டுமே சரியாகப் பொருந்தாது. இருந்ததை எடுப்பது நீக்குவது. வேண்டாமென்று ஒதுங்கிப் போவது தவிர்ப்பது. ஒமிட் என்பது பொதுவாக, சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்க்காமல் விடுவது. பத்தாம் வகுப்பில் பித்தாகரஸ் தேற்றத்தை சாய்ஸில் விட்டாயே, அது ஒமிட். அதே பரீட்சையில் விடைத்தாளில் நம்பர் எழுத மறந்தாயே, அதுவும் ஒமிட்தான். தெரிந்து விட்டதற்கும் மறந்து விட்டதற்கும் இங்கிலீஷ்காரன் ஒரே சொல்லை வைத்திருக்கிறான். நாம் அப்படியா? 'விட்டுட்டான்' என்றால் அங்கே ஒரு ஆள் இருக்கிறான். 'விட்டுப்போச்சு' என்றால் ஆளே கிடையாது, அதுவாகப் போய்விட்டது!

இந்த வழுக்கல் சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 176ஆவது பிரிவு, அரசு ஊழியருக்குத் தகவல் தரக் கடமைப்பட்டவன் தராமல் இருப்பதைப் பற்றியது. அங்கே வெறுமனே 'ஒமிட்ஸ் டு கிவ்' என்று போடவில்லை, முன்னால் 'இன்டென்ஷனலி', அதாவது வேண்டுமென்றே, என்று சேர்த்தார்கள். அந்த ஒரு சொல் இல்லையென்றால் மறதிக்காரன் எல்லாம் உள்ளே போகவேண்டியதுதான். முதல் ஆள் நீ. (2024 ஜூலையில் அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்ததிலிருந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன, எனக்கு மனப்பாடமானது பழைய எண்தான்.) பேத்திக்கு இதையும் சொல்: செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டால் பின்னால் 'டு' வரும், பட்டியலில் பெயரை விட்டால் 'ஃப்ரம்' வரும்.

சட்டத்திலிருந்து ஒரு பிரிவை எடுக்கும்போது மட்டும் அங்கே ஒமிட் என்றால் நீக்கமேதான். ஆனால் அதிலும் ஒரு கூத்து. 'ரிபீல்' செய்ததும், அதாவது ரத்து செய்ததும், 'ஒமிட்' செய்ததும் ஒன்றா என்று உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டார்கள். 1969இல் ராயலா கார்ப்பரேஷன் வழக்கில், நம் மெட்ராஸ் கம்பெனிதான், ஒன்றல்ல என்றது கோர்ட். ரத்தான சட்டத்தின் கீழ் பழைய தப்புக்கு வழக்குப் போட, எல்லாச் சட்டங்களுக்கும் பொது விதி சொல்லும் ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் இடம் தருகிறது, ஒமிட் ஆனதற்கு அந்தச் சலுகை இல்லை என்று தீர்ப்பு. 2015இல் ஃபைபர் போர்ட்ஸ் வழக்கில், ஒமிட்டும் ரிபீலுக்குள் அடக்கம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வார்த்தைக்கு நாற்பத்தாறு வருஷம், பார்த்துக்கொள்.

ஸ்பெல்லிங்கில் அவளுக்கு 'எம்' ஒன்றா இரண்டா என்று குழப்பம் என்றாய். ஒன்றுதான். லத்தீனில் அனுப்புவதற்கு 'மிட்டெரே'. முன்னால் 'ஆப்' சேர்ந்தபோது அதிலிருந்த 'பி' விட்டுப்போய் 'ஓ' மட்டும் மிஞ்சியது. விடுவதைச் சொல்லும் வார்த்தையே ஓர் எழுத்தை விட்டுவிட்டுத்தான் பிறந்திருக்கிறது! இறந்தகாலத்தில் 'டி' இரட்டிக்கும், ஏனென்றால் அழுத்தம் இரண்டாம் அசையில். வாந்திக்கான 'வாமிட்'டில் அழுத்தம் முதல் அசையில், அதனால் இரட்டிக்காது. ஒன்பதாம் வகுப்பில் சார் 'லாஸ்ட் லைனை ஆமிட் பண்ணு' என்றதும் நீ வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது ஞாபகம் இருக்கிறதா?

இனி கல்யாணக் கதை. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, ஐநூறு. மஞ்சள் தடவப் பிரித்தபோது மூத்தவள்தான் பார்த்தாள்: 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில் சின்னச் சித்தப்பா பெயர் இல்லை. 'பால் குடித்தான்' என்பதில் ஐ உருபு தொக்கி நிற்கிறது என்பாரே நம் தமிழ் ஐயா, அப்படி நிற்கிறது அவர் பெயர். எங்கும் இல்லை, சொந்தக்காரர் எல்லார் கண்ணிலும் படுகிறது. அச்சகத்துக்காரரிடம் சண்டைக்குப் போகலாம் என்று பில்லை எடுத்தால் அடியில் பொடி எழுத்தில் 'ஈ அண்ட் ஓ ஈ'. எரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ் எக்ஸெப்டட், அதாவது பிழையும் விடுபட்டதும் இதில் சேராது. எத்தனை ரசீதில் நானே டைப் அடித்திருப்பேன்!

சித்தப்பா வீட்டுக்கு நேரில் போனேன். காபி கொடுத்தார். டம்ளரைக் கீழே வைக்கும் வரை காத்திருந்து ஒன்றே ஒன்று கேட்டார்: 'விட்டுப்போச்சா, விட்டுட்டியா?' அச்சகத்தில் விட்டுப்போச்சு என்றேன்.

ராத்திரி அச்சகத்துக்குக் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். பெரியப்பா, அத்தை, இரண்டு மாமாக்கள், எல்லாரும் இருக்கிறார்கள். சித்தப்பா அதிலேயே இல்லை. எட்டு வருஷம் முன்னால் வரப்புத் தகராறில் நாங்கள் பேசாமல் இருந்தது உனக்குத் தெரியும். மறந்துதான் விட்டேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

புதுசாக நூறு அடிக்கச் சொல்லியிருக்கிறேன், அவர் பெயர் முதலில். நீ இரண்டு நாள் முன்னதாகவே வா. வந்த இடத்தில் அந்தத் தாள் விஷயத்தை மட்டும் சித்தப்பாவிடம் உளறிவிடாதே.

அன்புடன்,
ராமு